தலைநீர் இழந்த கிளைகள்

பவானிபூரின் ஆதி கங்கை முதல் குஷ்டியாவின் கொராய் வரை, ஒரு நதியின் கிளைகள் ஒரே காரணத்தால் நலிந்துள்ளன. இந்தியாவும் வங்கதேசமும் செய்துகொண்ட கங்கைநீர் உடன்படிக்கையின் முப்பதாண்டுக் காலம் 2026 டிசம்பரில் நிறைவுறுகிறது. அந்நதியின் பூகோளத்தையும் அதன்மேல் விழுந்த எல்லைக்கோட்டின் கதையையும் விவரிக்கிறது இக்கட்டுரை.

படித்துறை சொல்லும் செய்தி

கல்கத்தாவின் தென்பாகத்தில், பவானிபூரின் ஊடே செல்லும் ஹரீஷ் முகர்ஜி சாலையை விட்டு மேற்கே திரும்பி, பலராம் போஸ் காட் சாலை வழியே நடந்து சென்றால், வீடுகளும் கடைகளும் ஓய்ந்து முடியுமிடத்தில் பழைய படித்துறை ஒன்றும், அதன் அடியில் கருநிற நீரோடை ஒன்றும் எதிர்ப்படும். அக்கரையில் அலிப்பூர். சர்க்கார் ஏடுகளில் டாலி நாலா என்று பதிவாகியுள்ள அவ்வோடையை இவ்வட்டாரத்து ஜனங்கள் ஆதி கங்கை என்றே வழங்குகின்றனர். ஓதம் வடிந்திருக்கும் வேளையில் சென்றால், விசர்ஜனம் செய்யப்பட்ட பிரதிமைகளின் வைக்கோல் உடல்களும், மூங்கில் சிம்புகளும், சாமந்திச் சரங்களும், பிளாஸ்டிக் பைகளும் கரையோரச் சேற்றில் படிந்து கிடப்பதைக் காணலாம். ஓதம் ஏறும்போதோ, ஹூக்ளியின் கலங்கல் நீர் உள்ளே புகுந்து, படிகளை ஒவ்வொன்றாக மூடி, அந்தக் குப்பையையெல்லாம் காளிகாட்டின் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போகும். அந்நீரையும் கையால் அள்ளித் தலையில் தெளித்துக்கொள்ளும் முதியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். இது கங்கைதான் என்பதில் அவர்களுக்குக் கடுகளவும் ஐயமில்லை. பூகோள சாஸ்திரமும் அவர்கள் பக்கமே நிற்கிறது.

சில நூற்றாண்டுகளுக்கு முன்பு, ஹூக்ளியின் பிரவாகம் இன்றைய ஹேஸ்டிங்ஸ் பகுதிக்கருகே இவ்வழியே திரும்பி, காளிகாட், டாலிகஞ்ச், கரியா, பாருய்பூர் முதலிய ஊர்களைத் தொட்டுக்கொண்டு தெற்கே சென்று, சாகரத் தீவின் அருகே சமுத்திரத்தில் கலந்தது. வங்காளத்து மங்கள காவியங்களில் வணிகர் சாந்த் சௌதாகர் தம் மரக்கலங்களோடு கடலுக்குச் சென்றதும் இவ்வழியாகத்தான். பதினெட்டாம் நூற்றாண்டிலே ஹூக்ளி மேற்கே சாங்க்ராயில் பக்கமாகத் தன் நீரைத் திருப்பி, பழைய சரஸ்வதி நதியின் கீழ்ப்படுகையில் இறங்கிவிட்டது. அந்தத் திருப்பம் நவாப் அலிவர்திகான் காலத்தில் வெட்டிய கால்வாயால் நேர்ந்தது என்பது வழிவழியாக வரும் செய்தி. எக்காரணத்தால் நேர்ந்ததாயினும், மேலிருந்து வரும் நீரை இழந்த ஆதி கங்கை மேடிட்டுத் தூர்ந்தது. 1775-க்கும் 1777-க்கும் இடையே வில்லியம் டாலி என்ற ராணுவ அதிகாரி கரியா வரையுள்ள பகுதியைத் தூர்வாரி, அங்கிருந்து கிழக்கே வித்யாதரி நதியோடு இணைத்துப் படகுப் போக்குவரத்துக்கு உயிர் கொடுத்தார்; அவர் பெயரே ஓடைக்கும் டாலிகஞ்சுக்கும் நிலைத்தது. எனினும் வெட்டிய வாய்க்கால் மீண்டும் தூர்ந்தது. டாலிகஞ்சுக்குத் தெற்கே மெட்ரோ ரயில் பாதையை நீட்டியபோது, அதன் தூண்களை ஆதி கங்கையின் படுகையிலேயே வரிசையாக ஊன்றினார்கள். நதியென்று எவரும் கருதாத இடத்தில்தானே தூண் ஊன்றத் துணிவு வரும்?

டெல்டாவில் ஒரு கிளைநதியின் ஆயுள் அதன் தலைப்பில் வந்து விழும் நீரைப் பொறுத்தது. தலைநீர் குன்றினால், கடலோதம் கொண்டுவரும் வண்டலைத் திருப்பித் தள்ளும் வலிமை அதற்கு இராது. மேடிடும், சுருங்கும், உப்பேறும், இறுதியில் சாக்கடையாகும். பவானிபூரின் வாசலிலே பிரத்தியட்சமாகத் தெரியும் இந்த நியாயம்தான், இங்கிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இரு தேசங்களுக்கிடையே அரை நூற்றாண்டுக்கு மேலாக நடந்துவரும் ஒரு விவகாரத்தின் மூலம்.

நதி இரண்டாகும் இடம்

கோமுகத்தில் உற்பத்தியாகும் பாகீரதி, தேவப்பிரயாகையில் அலகநந்தாவோடு கூடிக் கங்கையாகி, ஹரித்துவாரத்தில் சமவெளியில் இறங்கி, யமுனையையும் சோனையும் தெற்கிலிருந்தும், நேபாளத்து மலைகளின் நீரைச் சுமந்துவரும் காக்ரா, கண்டகி, கோசி ஆகியவற்றை வடக்கிலிருந்தும் ஏற்றுக்கொண்டு, ஜார்க்கண்டின் ராஜ்மகால் குன்றுகளை அடைகிறது. இந்தியா, நேபாளம், திபெத், வங்கதேசம் ஆகியவற்றில் பத்து லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நிலத்தின் நீரெல்லாம் இந்நதியின் உடைமை. எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான ராஜ்மகால் பாறைகளைத் தகர்க்க இயலாமல், அவற்றைச் சுற்றிக்கொண்டு தென்கிழக்கே வளைகிறது கங்கை. அவ்வளைவைக் கடந்ததும் மலையும் பாறையும் முடிந்துவிடுகின்றன. அதற்கப்பால் வங்காள விரிகுடா வரையிலும் நதி தானே கொண்டுவந்து கொட்டிய வண்டல் பூமிதான்.

அந்த வண்டல் பூமியின் வாயிலில், ஃபராக்காவுக்குக் கீழே, முர்ஷிதாபாத் ஜில்லாவின் ஜங்கிபூர் அருகே, நதி இரண்டாகிறது. தெற்கே இறங்கும் சிறு கிளைக்கும், கோமுகத்து நதியைப் போலவே, பாகீரதி என்றே பெயர். அது நவத்வீபத்தில் ஜலாங்கி நதியைச் சேர்த்துக்கொண்டு ஹூக்ளி என்ற பெயருடன் கல்கத்தாவைத் தாண்டிக் கடலுக்குச் செல்கிறது. தென்கிழக்கே பாயும் பெருங்கிளை பத்மா; அது நெடுந்தூரம் இந்தியாவுக்கும் வங்கதேசத்துக்கும் எல்லையாகவே ஓடி, பிறகு வங்கதேசத்தினுள் புகுந்து, கோயாலந்தோவில் ஜமுனா என்று அங்கே வழங்கும் பிரம்மபுத்திரையையும், சாந்த்பூரில் மேக்னாவையும் தழுவிச் சமுத்திரமாகிறது. நீராடவும் நீத்தார் கடன் செய்யவும் ஹிந்துக்கள் நாடும் புண்ணிய கங்கை பாகீரதி வழியே செல்வது. நீரின் பெரும்பங்கோ பத்மா வழியே செல்வது. எப்போதும் இப்படி இருந்ததில்லை. டெல்டா நிலம் கிழக்கு நோக்கிச் சரிந்ததாலும், பாகீரதியின் முகத்தில் மணல் திரண்டதாலும், பதினாறாம் நூற்றாண்டையொட்டிப் பெருநீர் படிப்படியாகப் பத்மாவுக்கு மாறிற்று என்பது ஆராய்ச்சியாளர் பலரின் அபிப்பிராயம். நதிகள் இங்கே இடம் மாறுவது அபூர்வமுமன்று. ஜேம்ஸ் ரென்னல் பதினெட்டாம் நூற்றாண்டில் வங்காளத்தை அளந்து படம் வரைந்தபோது பிரம்மபுத்திரை மைமன்சிங் பக்கமாக ஓடிக்கொண்டிருந்தது. கங்கையைச் சேர்ந்துகொண்டிருந்த தீஸ்தா 1787-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் அதை விட்டுப் பிரம்மபுத்திரையின் பக்கம் திரும்பிற்று. பின்னர் பிரம்மபுத்திரையும் மேற்கே நகர்ந்து இன்றைய ஜமுனாவின் படுகையில் இறங்கிற்று.

இந்தப் பிரிவைத் தமிழருக்கு விளக்க வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை. திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகிறது. தாழ்ந்த படுகையுடைய கொள்ளிடம் நீரைத் தன்பால் இழுத்துக்கொள்ள, தஞ்சைக்குப் பாயும் காவிரியின் முகம் மேடிடத் தொடங்கியதால், 1836-ல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை கட்டிக் காவிரிக்குரிய நீரை மீட்டார். பிற்பாடு கோதாவரியில் தௌளேஸ்வரம் அணையைக் கட்டிய அதே காட்டன், 1853-ஆம் ஆண்டில், ராஜ்மகாலுக்கு அருகே கங்கையின் குறுக்கே ஓர் அணை எழுப்பிப் பாகீரதிக்கு நீரைத் திருப்பலாமென்று யோசனை கூறினார். காவிரியில் கற்ற பாடத்தைக் கங்கையில் நடத்திக் காட்ட எண்ணினார் போலும். ஆனால் கொள்ளிடமும் காவிரியும் ஒரே நாட்டில் கடல் சேர்கின்றன. ஒன்றுக்குக் குறைந்தது மற்றொன்றுக்குக் கூடினால், வழக்கு ஒரே வீட்டுக்குள் அடங்கும். காட்டனின் யோசனை செயலுருப் பெற்ற காலத்திலோ, கங்கையின் இரு கிளைகளும் இரு தேசங்களுக்கு உரியவையாகிவிட்டன.

நீரின்மேல் கிழித்த கோடு

இப்பிரதேசத்தில் நதி எல்லையாக அமைந்தது புதிதன்று. பதினோராம் நூற்றாண்டில் ராஜேந்திர சோழனின் படைகள் கண்ட நாடுகளென்று திருமலைக் கல்வெட்டு தக்கணலாடம், உத்திரலாடம், வங்காளதேசம் ஆகியவற்றைத் தனித்தனியே பெயர் சொல்லிக் குறிக்கிறது. இவற்றுள் லாடம் என்பது பாகீரதிக்கு மேற்கே அமைந்த ராடம், வங்கம் அதற்குக் கிழக்கே பரந்தது. அக்கால எல்லைகள் நதியோடு சேர்ந்து நகர்ந்தன. 1947-ல் தேசப் பிரிவினையின்போது வகுத்த எல்லையோ காகிதத்தில் நிலைக்க வேண்டியதாயிற்று.

வங்காள எல்லைக் கமிஷனின் தலைவராகிய சிரில் ராட்கிளிஃப், தம் தீர்ப்பின் முகப்பில் தம்முன் நின்ற முக்கியமான வினாக்களை வரிசைப்படுத்தினார். கல்கத்தா எந்நாட்டுக்கு என்பது ஒன்று; அந்நகரம் முழுவதும் ஒரே நாட்டுக்கு என்றால், நகரமும் துறைமுகமும் பிழைத்திருப்பதற்கு இன்றியமையாத நதியா ஜில்லா நதிகளின்மேல் அந்நாட்டுக்கு என்ன உரிமை என்பது மற்றொன்று. 1947 ஆகஸ்ட் 17-ல் தீர்ப்பு வெளியானபோது, முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த முர்ஷிதாபாத் இந்தியாவுக்கும், ஹிந்துக்கள் சற்றே மிகுந்திருந்த குல்னா பாகிஸ்தானுக்கும் சென்றன. சுதந்திரம் பெற்ற முதல் சில தினங்கள் முர்ஷிதாபாத்தில் பாகிஸ்தான் கொடியும் குல்னாவில் இந்தியக் கொடியும் பறந்து, பிறகு மாறின. பாகீரதியின் தலைப்பு இந்தியாவிடம் இருக்க வேண்டும் என்ற பூகோள அவசியமே இந்த மாற்றத்தின் காரணமென்று பலரும் கருதுகின்றனர். வேறு விதமாகச் சொன்னால், கல்கத்தாவின் படித்துறைகளுக்கு நீர் வர வேண்டும் என்பதற்காக ஒரு ஜில்லாவின் தேசம் மாறிற்று.

கோடு கிழித்த கையோடு தகராறும் தொடங்கிற்று. முர்ஷிதாபாத்துக்கும் ராஜஷாஹிக்கும் இடையே கங்கையில் எல்லை எது என்பது முதலிய வழக்குகளைத் தீர்க்க, ஸ்வீடன் தேசத்து நீதிபதி ஆல்காட் பாகே தலைமையில் ஒரு நடுவர் மன்றம் கூடியது. அதில் இந்தியாவின் சார்பில் அமர்ந்தவர், சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக விளங்கிய என். சந்திரசேகர ஐயர். 1950-ல் அம்மன்றம் அளித்த முடிவு ஆழ்ந்து நோக்கத்தக்கது: 1947 தீர்ப்பின் சமயத்தில் நதியின் பிரதான நீரோட்டத்துக்கு நடுமையம் எங்கே இருந்ததோ அதுவே எல்லை, அதைக் களத்தில் குறிப்பது அசாத்தியமென்று கண்டால், குறிக்கும் நாளில் நடுமையம் எங்கே இருக்கிறதோ அங்கே எல்லை. நதியை அசையாப் பொருளாகக் கருதி எழுதிய தீர்ப்புக்கு, அது அசையும் பொருள் என்பதை ஒப்புக்கொள்ளும் ஒரு வாசகத்தைச் சேர்க்க வேண்டியதாயிற்று. எல்லைக்கல் நட்டுவிடலாம், நதி அதற்குக் கட்டுப்படாது. முர்ஷிதாபாத்தின் பத்மா கரையில், இன்று ஒரு குடியானவரின் நிலத்தை ஆறு அறுத்துக்கொண்டுபோய், சில வருஷங்களுக்குப் பின் ‘சர்’ எனப்படும் மணல்திட்டாக அக்கரையோரம் எழுப்பிவிடும். தம் மண்ணில் கடுகும் கலாய்ப் பயறும் விதைக்க, எல்லைக் காவல் படையிடம் அடையாளச் சீட்டைக் காட்டிவிட்டுப் படகேறிப் போகவேண்டிய நிலை அவருக்கு.

ஃபராக்கா

இன்றைய வங்கதேசத்தை அப்போது ஆண்ட பாகிஸ்தான் ஆட்சேபித்துக்கொண்டிருக்கையிலேயே, 1960-களின் தொடக்கத்தில் ஃபராக்கா அணையின் வேலை ஆரம்பமாயிற்று. எல்லையிலிருந்து பதினெட்டுக் கிலோமீட்டர் மேலே, சுமார் 2,245 மீட்டர் நீளத்துக்கு 109 மதகுகளோடு நதியின் குறுக்கே அது நீண்டு நிற்கிறது. அதன் மேலேயே ரயிலும் சாலையும் செல்கின்றன. அணையின் வலப்புறத்திலிருந்து 38 கிலோமீட்டர் நீளமுள்ள ஊட்டுக்கால்வாய் புறப்பட்டு, வினாடிக்கு 40,000 கனஅடி வரை நீரைக் கொண்டுபோய், ஜங்கிபூருக்குக் கீழே பாகீரதியில் சேர்க்கிறது. பாகீரதியின் பழைய வாயில் ஜங்கிபூரில் மற்றொரு சிறு அணை உண்டு. 1975 ஏப்ரல் 21-ல் கால்வாயில் நீர் விடப்பட்டது.

இவ்வளவு பெரிய காரியத்தின் நோக்கம் பாசனமன்று, மின்சாரமன்று. ஹூக்ளியின் வண்டலைக் கடலுக்குத் தள்ளிக் கல்கத்தாத் துறைமுகத்தை வாழவைப்பது ஒன்றே. அந்நோக்கம் எந்த அளவுக்கு நிறைவேறிற்று? குடிநீரைப் பொறுத்தவரை பலன் மறுக்கவொண்ணாதது. கோடையில் ஓதத்தோடு ஏறிவந்த உப்பு பின்வாங்கி, பால்தா நீரேற்று நிலையத்தில் எடுக்கும் நீர் நல்ல நீராயிற்று. பாகீரதி மீண்டும் வருஷம் முழுதும் ஓடும் ஜீவநதியாயிற்று. ஆனால் பெரிய கப்பல்களுக்கு வேண்டிய ஆழம் கல்கத்தாவுக்குத் திரும்பவில்லை. அவற்றுக்காகக் கீழே ஹால்தியாவில் புதுத் துறைமுகம் அமைக்க வேண்டியிருந்தது. முகத்துவாரத்தில் தூர்வாரும் கப்பல்களின் வேலையும் ஓயவில்லை.

இதை முன்கூட்டியே எச்சரித்தவர் ஒருவர் இருந்தார். மேற்கு வங்க சர்க்காரில் பணியாற்றிய பொறியாளர் கபில் பட்டாச்சார்யா, தாமோதர் நதியில் அணைகள் கட்டி வெள்ளத்தை மறித்தால் ஹூக்ளியின் கீழ்ப்பகுதியைக் கழுவும் இயற்கைச் சக்தி போய்விடும் என்றும், ஃபராக்காவில் தேக்கி அனுப்பும் நீர் அந்தக் குறையை நிரப்பப் போதாது என்றும், மால்தா, முர்ஷிதாபாத் ஜில்லாக்களை வெள்ளம் சூறையாடும் என்றும் வாதாடினார். அதற்கு அவருக்குக் கிடைத்த பட்டம் பாகிஸ்தானின் கையாள் என்பது. அவர் சொன்னபடியே, அணையில் மோதி வேகம் குன்றிய நதி, மேற்புறத்தில் வண்டலைக் கொட்டி, இடப்புறமாக வளைந்து, மால்தா ஜில்லாவின் கரைகளை ஆண்டுதோறும் அறுத்துக்கொண்டிருக்கிறது. வியாபாரத் தலமாக விளங்கிய பஞ்சானந்தபூரின் பெரும்பகுதி இன்று நதியின் வயிற்றில் இருக்கிறது. கீழ்ப்புறத்தில் தூலியான், ஷம்ஷேர்கஞ்ச் பக்கங்களிலும் பள்ளிக்கூடமும் மசூதியும் கோயிலும் வீடும் ஒருசேரச் சரிந்து விழும் காட்சி மழைக்காலத்தின் வழக்கமாகிவிட்டது. கல்கத்தாவுக்கு நீர் வந்ததற்கான விலையை முதலில் கொடுத்தவர்கள், எல்லைக்கு இப்புறத்தில் வாழும் வங்காளிகளே.

கனஅடிக் கணக்கு

எல்லைக்கு அப்புறத்தில் எழுந்த துயரம் அரசியலாயிற்று. 1975-ல் செய்துகொண்ட நாற்பத்தொரு நாள் தற்காலிக ஏற்பாடு முடிந்த பிறகும் கால்வாயில் நீர் போய்க்கொண்டிருக்கவே, 1976 மே 16-ல் முதுபெரும் தலைவர் மௌலானா பாஷானி ராஜஷாஹியிலிருந்து ஃபராக்காவை நோக்கி ஒரு மாபெரும் ஊர்வலத்தை நடத்தினார். விவகாரம் ஐக்கிய நாடுகள் சபை வரை சென்றது. 1977-ல் ஐந்தாண்டு ஒப்பந்தம், 1982-லும் 1985-லும் புரிந்துணர்வுக் குறிப்புகள், அதன்பின் சில வருஷங்கள் எந்த ஏற்பாடுமில்லாத சூனியம் என்று காலம் கழிந்து, 1996 டிசம்பர் 12-ல் பிரதமர்கள் தேவகவுடாவும் ஷேக் ஹசீனாவும் புதுடில்லியில் முப்பதாண்டு உடன்படிக்கையில் கையொப்பமிட்டார்கள். மேற்கு வங்க முதலமைச்சராக இருந்த ஜோதி பாசுவின் முயற்சி இதற்குப் பெருந்துணையாயிற்று.

உடன்படிக்கையின் கணக்கு இது. ஜனவரி 1 முதல் மே 31 வரை, பத்துப் பத்து நாளாகப் பிரித்து, ஃபராக்காவில் வந்து சேரும் நீரை அளக்க வேண்டும். வினாடிக்கு 70,000 கனஅடியோ அதற்குக் குறைவோ வந்தால் சரிபாதி. 70,000-க்கும் 75,000-க்கும் இடைப்பட்டால் வங்கதேசத்துக்கு 35,000, மீதி இந்தியாவுக்கு. 75,000-க்கு மேற்பட்டால் இந்தியாவுக்கு 40,000, எஞ்சியதெல்லாம் வங்கதேசத்துக்கு. நீர் மிகக் குறையும் மார்ச் 11 முதல் மே 10 வரையிலான காலத்தில், ஒரு பத்து நாள் விட்டு ஒரு பத்து நாளாக, இரு நாடுகளும் மாறி மாறி 35,000 கனஅடியை நிச்சயமாகப் பெறும். வரவு 50,000-க்குக் கீழே போனால் உடனே கலந்து பேச வேண்டும்.

இந்த அளவைப் பணி நடைபெறும் விதம் நெஞ்சைத் தொடுவது. ஆண்டுதோறும் ஜனவரி பிறந்ததும், வங்கதேசத்துப் பொறியாளர்கள் ஃபராக்காவுக்கு வந்து தங்குகிறார்கள். இந்தியப் பொறியாளர்கள் பத்மாவின் மேல் பாக்ஷியில் 1915-ல் திறந்த ஹார்டிஞ்ஜ் பாலத்தடிக்குச் சென்று தங்குகிறார்கள். மே மாதம் முடியும்வரை, அவர்கள் இங்கேயும் இவர்கள் அங்கேயும், அந்தந்த நாட்டுப் பொறியாளர்களோடு ஒரே படகில் ஏறி, நாள்தோறும் நீரோட்டத்தை அளந்து, ஒரே ஏட்டில் கையெழுத்திடுகிறார்கள். இரு தலைநகரங்களிலும் ஆட்சிகள் மாறியிருக்கின்றன. உறவு இனித்த காலமும் கசந்த காலமும் வந்து போயிருக்கின்றன. இந்த அளவைப் பணியோ ஆண்டு தவறாமல் நடந்துவந்திருக்கிறது. பாகிஸ்தானுடன் செய்துகொண்ட சிந்து நதி உடன்படிக்கையில் ஆறு நதிகளை மூன்று மூன்றாக 1960-ல் பிரித்துக்கொள்ள முடிந்தது; அந்த உடன்படிக்கையையும் 2025 ஏப்ரலில் இந்தியா நிறுத்திவைத்தது. கங்கையில் பிரித்துக்கொள்ள இரண்டு நதிகள் இல்லை. இருப்பது ஒன்றே, ஆகையால் கூடி அளப்பதைத் தவிர வேறு மார்க்கமில்லை.

கணக்கில் வராதவை

எனினும் கனஅடிக் கணக்குக்குள் அடங்காத மூன்று பொருள்களை நதி சுமந்து செல்கிறது.

முதலாவது, வண்டல். கங்கையும் பிரம்மபுத்திரையும் சேர்ந்து வருஷத்துக்கு நூறு கோடி டன் அளவில் மண்ணைக் கொண்டுவருகின்றன. சுந்தரவனத் தீவுகள் கடலுக்குமேல் தலைதூக்கி நிற்பதற்கு அம்மண்ணே ஆதாரம். மிஞ்சிய மண் கடலடிப் பள்ளத்தாக்குகள் வழியே இறங்கி, இலங்கைக்குக் கிழக்கே ஆழ்கடலில் படிந்து, அதற்கும் தெற்கு வரை, மொத்தம் ஏறக்குறைய மூவாயிரம் கிலோமீட்டர் நீளத்துக்கு விசிறிபோல் பரந்து கிடக்கிறது. இமயத்தின் புழுதி யாழ்ப்பாணத்துக்கும் திருகோணமலைக்கும் கிழக்கேயுள்ள கடலடியில் உறங்குகிறது. உடன்படிக்கையிலோ வண்டலைப் பகிர்வதற்கு ஒரு விதியுமில்லை. அது தேங்கும் இடத்தில் வெள்ளம்; அது சேராத இடத்தில் கடலரிப்பு. 2016-ல் பீகார் முதலமைச்சர் நிதீஷ் குமார், ஃபராக்காவின் பின்னே மேடிட்ட வண்டலால்தான் தம் மாநிலத்தில் வெள்ளம் பெருகுகிறது என்று சொல்லி, அணையையே அகற்றக் கோரினார்.

இரண்டாவது, மீன். பவானிபூரின் ஜதுபாபு பஜாரில் ஆவணி மாதத்துக் காலைவேளையில், வெள்ளிபோல் மின்னும் இலிஷ் மீனின் அடிவயிற்றை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, பத்மாவிலிருந்து வந்ததா, கங்கையிலிருந்து வந்ததா என்று கேட்காமல் விலை பேசும் வங்காளியைக் காண்பது அரிது. கடலில் வாழ்ந்து, முட்டையிட நன்னீருக்கு ஏறும் அம்மீன், ஃபராக்கா எழுவதற்கு முன்பு அலகாபாத் வரைக்கும் நீந்திச் சென்றது. இன்று மதகுகளின் அடியில் அதன் யாத்திரை முடிந்துவிடுகிறது. மேலேயுள்ள நதிக்கரைச் செம்படவர்கள் இழந்த பிழைப்புக்கு எந்த ஏட்டிலும் கணக்கில்லை.

மூன்றாவது, கடலின் உப்பைத் தடுத்து நிறுத்தும் நன்னீரின் பலம். குஷ்டியாவுக்கருகே பத்மாவிலிருந்து பிரியும் கொராய் நதிதான் வங்கதேசத்தின் தென்மேற்கே குல்னாவுக்கும் சுந்தரவனத்துக்கும் கங்கைநீரைக் கொண்டுசெல்லும் பிரதான கிளை. ரவீந்திரநாத தாகூர் படகில் தங்கி எழுதிவந்த ஷிலைதஹா என்னும் ஊர் இவ்விடத்துக்கு அருகில்தான் உள்ளது. பத்மாவில் கோடைநீர் குறைந்த பின், கொராயின் வாயில் மணல் மேடிட்டு, வறண்ட மாதங்களில் தாய்நதியோடு அதன் தொடர்பே அற்றுப்போகும் நிலை வந்தது. 1990-களின் இறுதியில் பெருஞ்செலவில் தூர்வார வேண்டியதாயிற்று. கிளைநதியின் இயற்கையான முதுமைக்கும் இதில் பங்குண்டு. ஃபராக்கா ஒன்றே காரணமென்று கூறுவது நியாயமாகாது. எனினும் நலிந்த கிளையிடமிருந்து நீரைக் குறைத்தால் நலிவு விரைவுபடும் என்பதில் சந்தேகமில்லை. குல்னா ஜில்லாவில் குடிநீர்க் குளங்கள் உப்பேறின. நெல் வயல்கள் இறால் பண்ணைகளாயின. சுந்தரவனத்துக்குச் சிறப்பளிக்கும் சுந்தரி மரங்கள் உச்சியிலிருந்து பட்டுப்போகின்றன.

ஆதி கங்கை தலைநீர் இழந்து மாண்டது. அதே முடிவு பாகீரதிக்கும் வாராதிருக்க ஃபராக்கா எழுந்தது. பாகீரதிக்குத் தந்த நீரின் ஒரு பகுதி, கொராய்க்குச் சேர வேண்டியிருந்த நீர். தலைநீர் இழந்த நதி எப்படி ஆகும் என்பதை, நூலில் படித்து அறியாமல் தினமும் கண்ணால் கண்டு அறிந்த ஜனங்கள் பவானிபூரிலும் காளிகாட்டிலும் வாழ்கிறார்கள். குஷ்டியாவின் குறையைக் கேட்டதும் அதன் பொருளை முதலில் உணரக்கூடியவர்களும் அவர்களே. அக்கரையின் முறையீட்டை அந்நியரின் பேராசை என்று தள்ளுவதற்கு, உலகத்தில் வேறெந்த ஊருக்கு உரிமை இருந்தாலும், இந்நகரத்துக்கு இல்லை.

புதிய உடன்படிக்கைக்கு வேண்டுவன

2024 ஜூனில் உடன்படிக்கையைப் புதுப்பிப்பதற்கான தொழில்நுட்பப் பேச்சைத் தொடங்குவதாக இரு பிரதமர்களும் அறிவித்தார்கள். மாநிலத்தைக் கலந்துகொள்ளாமல் நீரைப் பற்றி முடிவு செய்வதாகாது என்று மேற்கு வங்க முதலமைச்சர் மமதா பானர்ஜி உடனே கடிதம் எழுதினார். சில வாரங்களில் டாக்காவில் ஆட்சி கவிழ்ந்தது. மாநிலத்தின் ஆட்சேபம் அலட்சியம் செய்யத்தக்கதன்று. கரை அரிப்பால் வீடிழந்த மால்தா, முர்ஷிதாபாத் மக்களின் குரல் பேச்சு மேடைக்கு வந்தே ஆக வேண்டும். அதே நியாயத்தால், பீகாரின் வெள்ளமும் நேபாளத்தின் உபநதிகளும் மேடைக்கு வர வேண்டும். கோடைநீரைப் பெருக்க, பிரம்மபுத்திரையிலிருந்து கால்வாய் வெட்டலாமென்று இந்தியாவும், நேபாளத்தில் நீர்த்தேக்கங்கள் கட்டலாமென்று வங்கதேசமும் பல ஆண்டுகள் வாதாடி ஒன்றும் நிறைவேறாமற் போனதற்கு, நதியின் முழு வடிநிலத்தையும் ஒரே குடும்பமாகக் காண எவரும் முன்வராததே காரணம்.

நாற்பது, ஐம்பது வருஷங்களுக்கு முன் கங்கையில் வந்த கோடைநீர் இனியும் வரும் என்று நம்பிப் பங்கு பிரிப்பது விவேகமன்று. மேலே பாசனக் கிணறுகளும் கால்வாய்களும் பெருகிவிட்டன. இமயத்தின் பனிப்பாறைகள் பின்வாங்குகின்றன. மழைக்காலத்தில் சில வருஷங்களில் வினாடிக்கு இருபது லட்சம் கனஅடியையும் தாண்டிப் பெருக்கெடுக்கும் நதி, ஏப்ரலில் அதன் மிகச் சிறு பங்காகக் குறைந்துவிடுகிறது. ஆகையால் புதிய உடன்படிக்கை ஐந்து மாதங்களை மட்டுமன்றி வருஷம் முழுவதையும், நீரை மட்டுமன்றி வண்டலையும் மீனையும் கணக்கில் கொள்ளுவதாக இருக்க வேண்டும். ஃபராக்காவிலும் ஹார்டிஞ்ஜ் பாலத்திலும் நாள்தோறும் எழுதும் அளவேட்டை, இரு நாட்டுக் குடியானவரும் செம்படவரும் வங்க மொழியில் அன்றன்றே படிக்கும்படி பகிரங்கமாக்க வேண்டும். எண்கள் மறைவிலிருக்கும் வரையில்தான் வதந்திக்கும் பகைமைக்கும் இடமுண்டு. அளவெடுக்கப் படகேறும் இரு நாட்டுப் பொறியாளர்களுக்குள்ள பரஸ்பர நம்பிக்கை, அந்த ஏட்டைப் படிக்கும் ஜனங்களுக்கும் உண்டாக வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலான ஒன்று உண்டு. 1996-ஆம் ஆண்டு உடன்படிக்கையின் பங்கீட்டு அட்டவணையில், இந்தியாவின் பங்கு, வங்கதேசத்தின் பங்கு என இரண்டே கட்டங்கள் இருக்கின்றன. நதி தன் வாயைத் தானே திறந்து வைத்துக்கொண்டு, வண்டலைச் சுமந்து, உப்பைத் தள்ளி, கடல் வரை உயிரோடு செல்வதற்கு வேண்டிய நீரென்று மூன்றாவது கட்டம் அதில் இல்லை. பாகீரதிக்கும் கொராய்க்கும் சுந்தரவனத்துக்கும் கோடையில் இவ்வளவு நீர் கட்டாயம் ஓட வேண்டும் என்று இரு நாட்டு நிபுணர்களும் கூடி நிர்ணயித்து, அப்பங்கை முதலில் ஒதுக்கிவிட்டு, எஞ்சியதையே இரு தேசங்களும் பாதி பாதியாகப் பிரித்துக்கொள்ளட்டும். அப்படிச் செய்தால் இரு நாடுகளுக்கும் சில வருஷங்களில் சில ஆயிரம் கனஅடி குறையலாம். செய்யாவிட்டால், இன்னும் முப்பது ஆண்டுகளில் பங்கிடுவதற்கென்று எஞ்சும் கிளைகளே குறைந்துபோகும்.